ஜிடி86 எக்ஸாஸ்ட்: 4000 ஆர்பிஎம் பள்ளம், மூன்று அங்குலக் குழாய், என்ன செய்யலாம்?

ரீடிங்_86 | 5 மார்ச் 2023

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் 2014 டொயோட்டா ஜிடி86 ஒன்று வாங்கினேன். ஆறு கியர் மேனுவல், முன்பு வைத்திருந்தவர் எதையும் மாற்றவில்லை. இங்கிலாந்தில் ரீடிங்கில் இருந்து ஸ்லவ் வரை தினமும் எம்4 நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். மாதம் ஒரு ஞாயிறு வேல்ஸ் மலைப்பாதைகள். பத்து வருடமாக ஆசைப்பட்டு வாங்கிய கார், அதனால் எது செய்தாலும் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. முதலாவது, மூன்றரை ஆயிரத்தில் இருந்து நாலரை ஆயிரம் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வரை இழுவை தொய்ந்துவிடுகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பலன் இல்லை. ஐந்தாயிரத்தைத் தாண்டினால் திடீரென்று உயிர் வந்து ஓடுகிறது. மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது இது நன்றாகத் தெரியும். இரண்டாவது, சத்தம். ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குரிய குரல் இதற்கு இல்லை.

பக்கத்தில் ஒரு பட்டறையில் கேட்டேன். "முன்னால் இருந்து பின்னால் வரை எக்ஸாஸ்டுக்கு (புகை வெளியேறும் வழி) மூன்று அங்குலக் குழாய் போட்டுவிடலாம். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம். இருபது குதிரைத்திறன் கூடும்" என்றார்கள். அலுவலக நண்பர் நேர்மாறாகச் சொல்கிறார்: எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (வெளியேறும் புகையை எதிர்க்கும் அழுத்தம்) தேவை, அதை எடுத்தால் கீழ் ஆர்பிஎம்மில் டார்க், அதாவது திருப்பு விசை, போய்விடும் என்று. யார் சொல்வது சரி? எதில் இருந்து ஆரம்பிப்பது?

ஹாரோ_அண்ணை | 5 மார்ச் 2023

தம்பி, பட்டறைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதேயுங்கோ. முதலில் காருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கோ.

உங்கள் காரில் இருக்கும் எஃப்ஏ20, சுபாருவின் ஒரு பாக்ஸர் எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். எக்ஸாஸ்ட் வாய்கள் கீழ்நோக்கித் திறக்கும், அதனால் புகையை முதலில் வாங்கும் குழாய்த் தொகுதியான ஹெடர் எஞ்சினுக்கு அடியில் தொங்கும். நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, சேரும் இடத்திலேயே முதல் கன்வெர்ட்டர் இருக்கும். அதற்கு அடுத்து ஓவர்பைப் என்று ஒரு வளைந்த துண்டு. பிறகு முன்குழாய், அதில் இரண்டாவது கன்வெர்ட்டர். பிறகு ரெசனேட்டர் (ஒலியை அடக்கும் சின்ன அறை) உள்ள நடுக்குழாய். கடைசியில் பின் அச்சுக்கு அப்பால் இரட்டை வாய் உள்ள பெரிய சைலன்சர்.

கடைக்காரர் ஆக்சில்பேக் என்றால் கடைசி சைலன்சர் மட்டும். கேட்பேக் என்றால் இரண்டாவது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள முழுவதும். ஆக்சில்பேக் மாற்றினால் சத்தம் மாறும், எடை குறையும், இழுவையில் சொல்லும்படி ஒன்றும் நடக்காது. கேட்பேக் மாற்றினால் மேல் ஆர்பிஎம்மில் சில குதிரைத்திறன் கிடைக்கலாம். நீங்கள் சொல்கிற பள்ளத்தைத் தொடுவது ஹெடரும் அதற்கேற்ற ட்யூனிங்கும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) மட்டும்தான். ஆகவே உங்கள் இரண்டு குறைக்கும் இரண்டு வேறு இடத்தில் வைத்தியம். ஒரே பெரிய குழாயால் இரண்டும் தீராது.

இன்னொன்று. காருக்குள் கேட்கும் எஞ்சின் ஒலி எல்லாம் பின்னால் இருந்து வருவதில்லை. இந்தக் காரில் சவுண்ட் கிரியேட்டர் என்று ஒரு குழாய் உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஒலியை அது எஞ்சின் அறைத் தகட்டைத் தாண்டி உள்ளே கொண்டுவரும். எக்ஸாஸ்ட் எப்படிப் பேசுகிறது என்று தெரிய வேண்டுமானால் நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் வெளியே நின்று கேளுங்கோ.

அலைநீளம் | 6 மார்ச் 2023

பேக் பிரஷர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இருபது வருடமாக எல்லா இடத்திலும் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த எஞ்சினுக்கும் எதிரழுத்தம் நன்மை செய்யாது. புகையை வெளியே தள்ள பிஸ்டன் செய்யும் ஒவ்வொரு துளி வேலையும் சக்கரத்துக்குப் போக வேண்டியது. ஆனால் உங்கள் நண்பர் கண்ணால் பார்த்த விஷயம் உண்மை. பெரிய குழாய் போட்ட பல கார்கள் கீழ் ஆர்பிஎம்மில் சோர்ந்துபோகும். அதற்குக் காரணம் குழாய்க்குள் வாயுவின் வேகம் குறைந்ததும், அலைகள் வந்து சேரும் நேரம் மாறியதும்தான்.

எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்துக்குப் போய்ச் சேரும் முன்பே திறந்துவிடும். அப்போதும் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு. புகை ஓர் அடி அடித்த மாதிரி வெளியே பாயும். அந்த அடியோடு ஓர் அழுத்த அலையும் கிளம்பும். அது புகையைவிட வேகமாக முன்னே ஓடும். ஹெடரில் வெப்பம் 650 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் அங்கே ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 600 மீட்டர். குழாய்கள் ஒன்றுசேர்ந்து அகலமாகும் இடத்துக்கு அலை வந்ததும் அதில் ஒரு பகுதி தலைகீழாகித் திரும்பும். உயர் அழுத்தமாகப் போனது தாழ் அழுத்தமாக வரும்.

அது வால்வுக்கு வரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் சேர்ந்து கொஞ்சம் திறந்திருந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி எடுக்கும். கூடவே புதுக் காற்றையும் உள்ளே இழுத்துவிடும். இதைத்தான் ஸ்காவெஞ்சிங் என்கிறோம். செலவில்லாமல் கிடைக்கும் ஒரு சின்ன சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) என்றே சொல்லலாம். வால்வு திறந்திருக்கும் அதே நேரத்தில் உயர் அழுத்த அலை வந்து நின்றால் புகை திரும்ப உள்ளே போகும், புதுக் காற்றுக்கு இடம் குறையும்.

இப்போது கணக்கு. ஒரு குழாய் 80 சென்டிமீட்டர் என்றால் போய் வர 1.6 மீட்டர். 600 மீட்டர் வேகத்தில் அதற்கு 2.67 மில்லிவினாடி. அந்த நேரத்தில் கிராங்க் (எஞ்சினின் சுழலும் அச்சு) 4000 ஆர்பிஎம்மில் 64 டிகிரி திரும்பும். 7000 ஆர்பிஎம்மில் 112 டிகிரி. குழாய் அதேதான், அலை எடுக்கும் நேரமும் அதேதான், ஆனால் எஞ்சினின் பார்வையில் அது வந்து சேர்ந்த இடம் வேறு. ஆகவே ஒரு நீளம் ஓர் ஆர்பிஎம்மில் உதவி செய்யும், இன்னொன்றில் முட்டுக்கட்டை போடும். 4-2-1 ஹெடரில் இரண்டு சந்திப்புகள் இருப்பதால் அலைகள் இரண்டு இடத்தில் இருந்து திரும்பும், பலன் ஓரளவு பரந்து கிடைக்கும்.

உங்கள் எஞ்சின் இரண்டு லிட்டர், 86 மில்லிமீட்டர் விட்டம், 86 மில்லிமீட்டர் ஓட்டம், 12.5க்கு 1 கம்ப்ரஷன். 200 குதிரைத்திறன் 7000 ஆர்பிஎம்மில், 205 நியூட்டன்மீட்டர் டார்க் 6400க்கு மேல். டர்போ இல்லாமல் லிட்டருக்கு 100 குதிரைத்திறன் எடுக்க எஞ்சினை மேல் ஆர்பிஎம்முக்கு இசைத்திருக்கிறார்கள். இன்டேக் நீளம், எக்ஸாஸ்ட் நீளம், வால்வு நேரம் எல்லாம் சேர்ந்து நடுவில் அந்தப் பள்ளம் விழுகிறது. இதன் அடுத்த தலைமுறையாக 2021இல் அறிமுகமான ஜிஆர்86க்கு 2.4 லிட்டர் எஞ்சின் கொடுத்து, 3700 ஆர்பிஎம்மிலேயே 250 நியூட்டன்மீட்டர் வர வைத்தார்கள். பலரும் குறை சொன்ன இடத்தையே நேராகப் பார்த்திருக்கிறார்கள்.

மூன்று அங்குலக் குழாயைப் பற்றி. இரண்டரை அங்குலத்தோடு ஒப்பிட்டால் அதன் உள்பரப்பு 44 சதவீதம் அதிகம். அதே அளவு புகை போனால் வேகம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். 200 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அவ்வளவு பெரிய வாய் தேவையே இல்லை. பிறகு டர்போ போடுவதாகத் திட்டம் இருந்தால் வேறு பேச்சு.

ரீடிங்_86 | 6 மார்ச் 2023

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. அலை திரும்பி வரும் விஷயத்தை மூன்று முறை படித்தேன், இப்போது நன்றாகப் பிடிபட்டது. அப்படியென்றால் ஹெடர்தான் முதலில்.

ஹெடர் தேடினால் சமநீளம், சமமற்ற நீளம் என்று இரண்டு வகை வருகிறது. சமமற்றதில் சுபாருவின் அந்தக் குமுறல் கிடைக்குமாம். எதை எடுப்பது?

ஹாரோ_அண்ணை | 7 மார்ச் 2023

இதற்கு நான் பதில் சொல்லாவிட்டால் இரவு நித்திரை வராது. என்னிடம் 2001 சுபாரு இம்ப்ரெசா ஒன்பது வருடம் இருந்தது.

பாக்ஸர் எஞ்சினில் பற்றும் வரிசை 1-3-2-4. ஒன்றும் மூன்றும் ஒரு பக்கம், இரண்டும் நான்கும் மறுபக்கம். அதாவது ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு புகை அடி, பிறகு மறுபக்கத்தில் இரண்டு புகை அடி. பழைய இம்ப்ரெசாவில் ஒவ்வொரு பக்கத்தின் இரண்டு குழாயையும் அங்கேயே சேர்த்து, ஒரு பக்கத்துக் குழாயை எஞ்சினுக்கு அடியால் நீட்டிக்கொண்டு வந்து மற்றதோடு இணைத்தார்கள். ஒரு பக்கத்துப் புகைக்குப் பாதை கூட, மற்றதுக்குக் குறைவு. எஞ்சின் சரியான இடைவெளியில்தான் பற்றும், ஆனால் புகை பின்னால் சீரற்ற இடைவெளியில் வந்து சேரும். அதுதான் அந்தக் குமுறல். 1995இல் காலின் மெக்ரே நீல நிற இம்ப்ரெசாவில் உலக ராலி பட்டம் வென்றபோது உலகமெல்லாம் கேட்டது அந்தத் தாளத்தைத்தான். குளிர்கால விடியலில் என் காரை ஸ்டார்ட் செய்து விட்டு நின்று கேட்பேன். இப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறியும்.

சமநீள 4-2-1 ஹெடரில் 1ஐ 2உடனும், 3ஐ 4உடனும் சேர்ப்பார்கள். அப்போது ஒவ்வொரு ஜோடியிலும் அடிகள் சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வரும், ஒன்றின் அலை மற்றதை முட்டாது. உங்கள் காரில் தொழிற்சாலையில் இருந்தே வந்த ஹெடரும் இந்த வழியில் வந்ததுதான். அதனால்தான் பாக்ஸர் எஞ்சின் இருந்தும் அந்தக் குமுறல் இல்லை.

நல்லதாகச் செய்த சமமற்ற ஹெடரும் பள்ளத்தை ஓரளவு நிரப்பும், அதை நான் மறுக்கவில்லை. குரலுக்காக வாங்குகிறவர்களை எனக்கு விளங்கும். ஆனால் நீங்கள் கேட்டது இழுவை. தினமும் எம்4இல் போகிற காருக்கு நான் சமநீளத்தைத்தான் சொல்வேன்.

கோவை_டர்போ | 8 மார்ச் 2023

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கோவை. ஜிடி86 இங்கே விற்பனைக்கு வரவேயில்லை, படத்தில் பார்த்து ரசிப்பதுதான். என்னிடம் இருப்பது 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். இந்த அலைக்கணக்கு எல்லாம் டர்போவுக்கும் பொருந்துமா?

அலைநீளம் | 8 மார்ச் 2023

பெரும்பாலும் பொருந்தாது. டர்போவின் டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்) சுற்றுவது முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தால். அதற்குப் பின்னால் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சீக்கிரம் அது எழும்பும். அலைகளையும் டர்பைன் நடுவில் நின்று உடைத்துவிடும். அதனால் டர்போ காரில் பலன் தரும் இடம், டர்போவுக்கு அடுத்த டவுன்பைப். அங்கே அகலக் குழாய் நல்லதுதான். ஆனால் உங்கள் காரின் கன்வெர்ட்டரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், அதைக் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம், இந்தியாவில் சத்த, புகை விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, உரிமமும் மூன்று மாதம் போகலாம். பந்தயத் திடலில் ஓட்ட வேண்டும் என்று ஆசையிருந்தால் உங்கள் ஊரிலேயே காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே, அதற்கென்று தனியாக ஒரு சைலன்சரை வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்க்குழாய் | 9 மார்ச் 2023

எல்லோரும் கன்வெர்ட்டரை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வது ஏன் என்று புரியவில்லை. என் காரில் இரண்டையும் கழற்றி இரண்டு வருடம் ஆகிறது. மேல் ஆர்பிஎம்மில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கொஞ்சம் தள்ளி வைக்கும் ஒரு ஸ்பேசர் போதும். வருடாந்திர எம்ஓடி சோதனைக்கு முன் பழையதை மாட்டிவிட்டால் முடிந்தது.

ஹாரோ_அண்ணை | 9 மார்ச் 2023

தம்பி, நீங்கள் சொல்கிற இழுவை வித்தியாசத்தை நான் நம்புகிறேன். ஆனால் இதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி ஒரு துண்டு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அதுதான் மாற்றுகிறது. என் மூத்த மகளுக்குச் சின்ன வயதில் இருந்தே தொய்வு (ஆஸ்துமா). காலையில் பள்ளிக்கூட வாசலில் கன்வெர்ட்டர் இல்லாத கார் ஒன்று நின்றால் எனக்கு மணத்திலேயே தெரியும், அவளுக்கு நெஞ்சிலே தெரியும். அந்தப் பிள்ளைகள் உயரத்தில்தான் புகை வாய் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எம்ஓடி சோதனையில், தொழிற்சாலையில் இருந்து வந்த கன்வெர்ட்டர் காணாமல் போயிருந்தால் தோல்வி. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தோல்வி. உங்கள் வயதுக் கார்களுக்கு வேகமான ஐடிலில் (கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலை) கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், சாதாரண ஐடிலில் 0.3 சதவீதம்தான் எல்லை. சத்தத்துக்கு 1986ஆம் ஆண்டு கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளில் 54ஆவது விதி உண்டு: சைலன்சரைச் சத்தம் கூடும்படி மாற்றக்கூடாது. ஒரு நாள் சோதனைக்குப் பழையதை மாட்டிவிட்டு மற்ற 364 நாளும் இப்படி ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

200 செல் உலோகக் கன்வெர்ட்டர் வைத்த ஹெடர்கள் இப்போது கிடைக்கின்றன. ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை துவாரம் என்பதுதான் அந்த எண். துவாரங்கள் பெரிதாக இருப்பதால் தடை குறைவு. நல்ல தயாரிப்பாகப் பார்த்து எடுத்தால் சோதனையிலும் தேறும்.

நேர்க்குழாய் | 10 மார்ச் 2023

அண்ணை, பள்ளிக்கூட வாசல் பற்றிச் சொன்னது மனதில் நின்றுவிட்டது. எனக்கும் பிள்ளை இருக்கிறது. முன்குழாயின் கன்வெர்ட்டர் கராஜில்தான் கிடக்கிறது, வரும் சனிக்கிழமை அதைத் திரும்ப மாட்டிவிடுகிறேன். ஹெடருக்கு நீங்கள் சொன்ன வகையைப் பார்க்கிறேன்.

கவென்ட்ரி_வெல்டர் | 11 மார்ச் 2023

குழாய் வெல்டிங்தான் என் தொழில், அதனால் பொருளைப் பற்றி நான் சொல்கிறேன்.

தொழிற்சாலை எக்ஸாஸ்டுகள் பெரும்பாலும் 409 வகை ஸ்டெயின்லெஸ். காந்தம் ஒட்டும். விலை குறைவு, மேல் தோல் துருப்பிடிக்கும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். கடையில் விற்கும் நல்ல சிஸ்டங்கள் 304. அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இந்த ஊர்க் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்புக்கு 304தான் தாங்கும். 304 என்று சொல்லி விற்கும் குழாயில் காந்தம் கெட்டியாக ஒட்டினால் விற்பவரிடம் கேளுங்கள். டைட்டானியம் எடையில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் விலை எங்கேயோ போகும், ஒலியும் சற்றுக் கீச்சென்று இருக்கும். தினசரி ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

304க்கு ஒரு குணம் உண்டு: சூட்டில் நிறைய நீளும். 80 சென்டிமீட்டர் குழாய் 600 டிகிரி சூடேறினால் 8 மில்லிமீட்டர் வரை நீளும். அந்த நீட்சிக்கு இடம் விடாமல் செய்த மலிவு ஹெடர்கள் வெல்டு ஓரத்தில் வெடிப்பு விட்டுத்தான் என்னிடம் வருகின்றன. சேரும் இடங்களில் சொருகி நகரும் இணைப்போ, நெளிகுழாயோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் டார்ச் அடித்துக் குழாய்க்கு உள்ளே பாருங்கள். வெளியே வானவில் மாதிரி அழகாக இருந்தால் மட்டும் போதாது. ஸ்டெயின்லெஸ் வெல்டு செய்யும்போது குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் செய்திருந்தால் உள்பக்கம் கருகிய சர்க்கரை மாதிரி பொரிந்திருக்கும். அது புகையின் பாதையைக் கெடுக்கும், நாளடைவில் உடைந்து கன்வெர்ட்டருக்குள்ளும் போகும். வளைவுகளில் குழாய் நசுங்கி ஒடுங்கியிருந்தாலும் வேண்டாம். உள்ளே மாண்ட்ரல் (நசுங்காமல் தாங்கும் தண்டு) விட்டு வளைத்த குழாயில் விட்டம் கடைசி வரை அப்படியே இருக்கும்.

துணி மாதிரி சுற்றும் வெப்பப் பட்டியை ஹெடரில் சுற்ற வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு வெளியே வராமல் இருக்க வேண்டுமென்றால் செராமிக் பூச்சு நல்லது. வேலை செய்யும் முந்தின நாளே நட்டுகளுக்குத் துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். இணைப்புகளில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ரீடிங்_86 | 21 மே 2023

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். 304இல் செய்த சமநீள 4-2-1 ஹெடர், உள்ளே 200 செல் கன்வெர்ட்டர், புதிதாக வாங்கினேன். இரண்டரை அங்குல கேட்பேக் ஒருவரிடம் பழையதாகக் கிடைத்தது. வெல்டர் அண்ணா சொன்னபடி டார்ச் அடித்துப் பார்த்துத்தான் எடுத்தேன், உள்ளே சுத்தமாக இருந்தது. பட்டறையில் மாட்டிய மூன்றாம் நாளே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. குறியீடு பி0420, கன்வெர்ட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று ஒரு சத்தமும் வருகிறது. புதுக் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டதா?

கவென்ட்ரி_வெல்டர் | 21 மே 2023

கன்வெர்ட்டரைக் குறை சொல்லும் முன் கசிவைத் தேடுங்கள். குளிரில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் அது இணைப்பில் கசிவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உலோகம் நீண்டு இடைவெளியை மூடிவிடும், அதனால் சத்தம் அடங்கும்.

புகை வெளியே மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். அழுத்தம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்று உள்ளேயும் போகும். அந்த ஆக்சிஜன் பின் சென்சாரில் பட்டால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டும். முன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றும்.

எஞ்சின் ஆறியதும் வாக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் புகை வாயில் துணி சுற்றிப் பொருத்துங்கள். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு.

ரீடிங்_86 | 23 மே 2023

ஹெடரும் ஓவர்பைப்பும் சேரும் இடத்தில் குமிழி குமிழியாக வந்தது! கழற்றிப் பார்த்தால் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். புதிது போட்டேன், குறியீட்டை அழித்தேன், நேற்றும் இன்றும் விளக்கு வரவில்லை. டிக் டிக்கும் போய்விட்டது.

இனி ட்யூனிங். ஆனால் அதற்கு முன் இன்னொரு தொல்லை. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் ஆறாவது கியரில் போனால் காதை அடைக்கும் ஒரு 'ம்ம்ம்' உறுமல். 60இல் இல்லை, 80க்குப் போனால் குறைகிறது. சரியாக நான் போகும் வேகத்தில்தான் இருக்கிறது. ஸ்லவ் போய்ச் சேரும்போது தலைவலி.

அலைநீளம் | 24 மே 2023

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் காரில் ஆறாவது கியர் 0.767, டிஃபரன்ஷியல் 4.1. 215/45 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.96 மீட்டர். 70 மைல் வேகத்தில் எஞ்சின் சரியாக 3000 ஆர்பிஎம்மில் இருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பற்றும். ஆகவே வினாடிக்கு 100 முறை, அதாவது 100 ஹெர்ட்ஸ்.

நேராகத் துளையிட்ட குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்த சைலன்சர், கீச்சுச் சத்தத்தை நன்றாக விழுங்கும். 100 ஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த ஒலிக்கு அலைநீளமே பல மீட்டர், பஞ்சு அதைப் பிடிக்காது. தொழிற்சாலை சைலன்சர் அவ்வளவு பெரிதாகவும் கனமாகவும் இருந்தது உள்ளே அறைகள் கட்டி இதைத்தான் அடக்கியதால்.

வழி இருக்கிறது. பிரதான குழாயில் இருந்து ஒரு கிளைக்குழாய் எடுத்து, அதன் மறுமுனையை அடைத்துவிடுங்கள். ஒலி உள்ளே போய் முட்டித் திரும்பும். நீளம் அலைநீளத்தில் கால் பங்கு என்றால், திரும்பும் அலை நேர் எதிராக வந்து அந்த ஒலியை அழிக்கும். பின்பக்கம் வாயு 300 டிகிரி என்றால் ஒலிவேகம் 480 மீட்டர், கால் பங்கு 1.2 மீட்டர். ஆனால் கிளைக்குழாயில் புகை ஓடாமல் நிற்பதால் சூடு குறையும். 200 டிகிரி என்றால் 1.09 மீட்டர். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதனால் 1.25 மீட்டருக்கு வெட்டி, உள்ளே நகர்த்தும்படி ஓர் அடைப்பை வைத்து, ஓட்டிப் பார்த்துப் பார்த்து இடம் கண்டுபிடியுங்கள். விட்டம் பிரதான குழாய்க்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கட்டும். புகை அதற்குள் ஓடாது என்பதால் இழுவையில் ஒன்றும் குறையாது.

ரீடிங்_86 | 2 ஜூலை 2023

முடிந்தது! வெல்டர் அண்ணா ஒரு ஞாயிறு முழுவதும் என்னோடு இருந்தார். கிளைக்குழாயை ஸ்பேர் டயர் பள்ளத்துக்குப் பக்கத்தில் வளைத்துக் கொண்டுபோனோம். அடைப்பை நகர்த்தி நகர்த்தி எம்4இல் ஐந்து முறை ஓட்டினோம். 1.16 மீட்டரில் உறுமல் திடீரென்று மறைந்தது. அங்கேயே வெல்டு செய்துவிட்டோம். இப்போது 70இல் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம், வானொலி கேட்கலாம்.

போன வாரம் ட்யூனிங் செய்தேன், 99 ஆக்டேன் பெட்ரோலுக்கு. பள்ளம் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஆழம் பெருமளவு குறைந்துவிட்டது. வேல்ஸில் அதே மேட்டில் மூன்றாவது கியரில் 4000இல் மிதித்தேன். முன்பு இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருந்த இடம், இப்போது தயங்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. மேலே நிறுத்தி இறங்கிச் சும்மா கொஞ்ச நேரம் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு திடல் நாளுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அங்கே நின்ற நிலையில் 100 டெசிபல் எல்லையாம். அதை எப்படி அளப்பார்கள்?

ஹாரோ_அண்ணை | 2 ஜூலை 2023

வாசிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. புகை வாயில் இருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் மீட்டரைப் பிடிப்பார்கள். உச்சத் திறன் வரும் ஆர்பிஎம்மில் முக்கால் பங்கில் எஞ்சினை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், உங்கள் காருக்கு 5250. எஞ்சினையும் எக்ஸாஸ்டையும் நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கோ. வீட்டில் போன் செயலியில் அளந்தால் தோராயமாகத்தான் தெரியும், மூன்று நான்கு டெசிபல் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கோ.

கவென்ட்ரி_வெல்டர் | 3 ஜூலை 2023

திடலுக்குப் போகும் முன் ஒரு வேலை. ஹெடர் மாட்டி ஆயிரம் மைல் தாண்டியிருக்கும். எஞ்சின் முழுக்க ஆறின பிறகு ஹெடர் நட்டுகளையும் ஓவர்பைப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை பாருங்கள். தொங்கும் ரப்பர்களில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள், கிளைக்குழாயின் எடையும் இப்போது அவற்றின் மேல்தான்.